ஆடிட்டருக்கு ஃபீஸ் கொடுக்கிறது யாரு?



"ப்ராஃபிட் வருஷா வருஷம் ஏறுது ப்ரோ, கடன் பெருசா இல்லை, கையில கேஷ் குவிஞ்சு கிடக்கு, பெரிய ஆடிட்டர் வேற கையெழுத்து போட்டிருக்காங்க." ஒரு ஷேரை ஏன் வாங்கினீங்கன்னு கேட்டா நம்ம ஆட்கள்ல பாதிப் பேர் சொல்ற பதில் இதுதான். நானும் வேலைக்குச் சேர்ந்த புதுசுல இப்படித்தான் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். வெப்சைட்ல நாலு ஃபில்டர் போடுறது, பச்சைக் கலர்ல எது வருதோ அதை வாங்கிப் போடுறது.

2008-ல் இந்த நாலு காரணத்தையும் சொல்லி ஒரு கம்பெனியை நீங்க தாராளமா வாங்கியிருக்கலாம். அதோட பேர் சத்யம் கம்ப்யூட்டர்ஸ். ஹைதராபாத் கம்பெனி, இந்திய ஐடியில் நாலாவது பெரிய இடம், நியூயார்க் சந்தையிலும் பட்டியலானது. ஆடிட்டர் பிரைஸ் வாட்டர்ஹவுஸ், அதாவது உலகத்தின் நாலு பெரிய ஆடிட் நெட்வொர்க்குகளில் ஒன்றான பிடபிள்யூசி-யைச் சேர்ந்தவங்க. அந்த வருஷம் நல்ல நிர்வாகத்துக்காக கோல்டன் பீகாக் விருது கூட வாங்கினாங்க. சிரிக்காதீங்க, நிஜம்தான்.

2009 ஜனவரி 7 அன்று அந்தக் கம்பெனியின் சேர்மன் ராமலிங்க ராஜு தன் போர்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்குல இருக்கிற 5,361 கோடி ரூபாய் கேஷ் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி கிடையவே கிடையாது என்றார். அதுக்கு வட்டி வரணும்னு காட்டியிருந்த 376 கோடியும் கிடையாது. காட்டாமல் விட்ட கடன் 1,230 கோடி இருக்கு. செப்டம்பர் காலாண்டுக்கு வருமானம் 2,700 கோடி, ஆபரேட்டிங் ப்ராஃபிட் 649 கோடின்னு அறிவிச்சோமே, உண்மையில் வருமானம் 2,112 கோடி, ப்ராஃபிட் 61 கோடிதான். ஒரே காலாண்டில் 588 கோடி கற்பனை. மார்ஜின் 24 சதவீதம்னு சொன்னது நிஜத்தில் 3 சதவீதம். புலிவாலைப் பிடிச்ச கதைன்னு நாம சொல்வோம் இல்லையா, அவரும் கிட்டத்தட்ட அதையேதான் எழுதியிருந்தார், புலி மேல ஏறிட்டேன், கடிபடாம இறங்கத் தெரியலைன்னு. ஷேர் விலை அன்னைக்கு ஒரே நாளில் முக்கால்வாசிக்கு மேல் போச்சு.

பழைய கதைதானே, இப்ப எதுக்குன்னு கேட்பீங்க. இந்தக் கதையை எல்லாரும் 'ஒரு சேர்மன் ஏமாத்திட்டார்' என்று முடிச்சிடறாங்க. எனக்கு அது போதலை. ஒரு பொய்க் கணக்கு வெளியே வரணும்னா ரெண்டு தரப்பு வேணும். எழுதுறதுக்கு ஒரு நிர்வாகம், அதைப் பார்த்துட்டு சரின்னு சொல்ல ஒரு ஆடிட்டர். இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு புரிஞ்சாதான், நீங்க நம்புற அந்தப் பச்சைக் கலர் எங்கிருந்து வருதுன்னு புரியும்.

பேங்க்ல இல்லாத பணம் எப்படி வந்துச்சு?

ப்ராஃபிட்டை ஏத்திக் காட்டணும், சரி. அதுக்கு கேஷ் ஏன் பொய் ஆகணும்? இந்த இடம்தான் எனக்கு ரொம்ப நாள் புரியாம இருந்தது.

இப்படிப் பாருங்க. இல்லாத ஒரு வேலைக்கு 10 கோடிக்கு இன்வாய்ஸ் போடுறீங்க. வருமானம் 10 கோடி கூடிருச்சு. செலவு எதுவும் இல்லை, அதனால ப்ராஃபிட்டும் அப்படியே 10 கோடி கூடுது. ஆனா கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கே. அந்த கிளையன்ட் உங்களுக்கு 10 கோடி தரணும்னு 'வரவேண்டிய பாக்கி'யில் நிற்கும். கிளையன்டே இல்லை, பணம் எங்கிருந்து வரும்? மூணு மாசம், ஆறு மாசம், ஒரு வருஷம் பாக்கி அப்படியே நின்னா அனலிஸ்ட் யாராவது கேள்வி கேட்பாங்க. அதனால 'வசூல் ஆயிடுச்சு'ன்னு எழுதணும். எழுதினா அந்தப் பணம் பேங்க் கணக்குல இருக்கணும். அங்க இல்லை. அப்ப பேங்க் ஸ்டேட்மென்டையும் தயார் பண்ண வேண்டியதுதான். சத்யத்தில் 7,500-க்கும் மேல் போலி இன்வாய்ஸ்கள் இருந்ததாக சிபிஐ கண்டுபிடிச்சது. தனி லாகின் வழியா உள்ளே போட்டு, சாதாரண ஊழியர் கண்ணுல படாத மாதிரி மறைச்சு வெச்சிருந்தாங்க. கூடவே போலி ஃபிக்ஸட் டெபாசிட் ரசீதுகள்.

ஒரு காலாண்டுப் பொய்யை மறைக்க அடுத்த காலாண்டில் அதைவிடப் பெரிய பொய் வேணும். ஏன்னா போன வருஷத்தைவிட இந்த வருஷம் 'வளர்ச்சி' காட்டணும் இல்லையா.

சரி, ஆடிட்டர் என்ன பண்ணிக்கிட்டிருந்தார்? பேங்க் பேலன்ஸைச் சரிபார்க்கிறது ஆடிட்டிலேயே எளிமையான வேலைகளில் ஒண்ணு. "இந்தத் தேதியில் இந்தக் கம்பெனி பேர்ல உங்ககிட்ட எவ்வளவு இருக்கு?"ன்னு ஆடிட்டர் பேங்குக்குக் கடிதம் அனுப்பணும். பதில் பேங்க்கிலிருந்து நேரா ஆடிட்டர் கைக்கு வரணும். அவ்வளவுதான். நீங்க வீட்டு லோனுக்குப் போனா பேங்க்காரங்க உங்க பே-ஸ்லிப்பை மட்டும் வாங்கிட்டு நம்பிடறாங்களா? உங்களுக்கே தெரியாம ஆபீஸுக்கு ஃபோன் போகுது, எச்ஆர்-க்கு மெயில் போகுது, வீட்டுக்கு ஆள் வந்து பக்கத்து வீட்டுல விசாரிக்கிறாங்க. 40 லட்சத்துக்கு இவ்வளவு.

5,000 கோடிக்கு என்ன நடந்துச்சுன்னா, அந்தக் கடிதங்களை அனுப்பறதையும் பதில் வாங்கறதையும் சத்யம் நிர்வாகத்தின் கையிலேயே விட்டுட்டாங்க. இதை நான் சொல்லலை. அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையமான எஸ்இசி 2011 ஏப்ரலில் சொன்னது. இந்தத் தவறு சத்யத்தோட நிற்கலை, அந்த ஆடிட் அமைப்பின் தரக் கட்டுப்பாட்டிலேயே கோளாறுன்னும் சொன்னது. குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளவும் இல்லை மறுக்கவும் இல்லைங்கிற நிபந்தனையில் 60 லட்சம் டாலர் கட்டி அதை முடிச்சுக்கிட்டாங்க.

இது இந்தியாவில்தான் நடக்கும்னு நினைச்சா, 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்டு. 190 கோடி யூரோ பிலிப்பைன்ஸ் வங்கிகள்ல இருக்குன்னு காட்டினாங்க. அந்தப் பணம் நாட்டுக்குள்ளேயே வரலைன்னு அந்த நாட்டு மத்திய வங்கி சொல்லிடுச்சு. அங்கேயும் வருஷக்கணக்கா ஆடிட் பண்ணது ஒரு பெரிய நாலு நிறுவனம்தான். அதே கடிதம், அதே ஓட்டை.

குற்றம் செய்யாமலேயே எண்ணை மாத்தலாம்

சத்யம் மாதிரி பச்சைப் பொய் அபூர்வம். தினசரி நடக்கிறது வேற, அது பெரும்பாலும் சட்டத்துக்கு உட்பட்டதுதான்.

120 கோடிக்கு ஒரு மெஷின் வாங்கறாங்கன்னு வெச்சுக்குங்க. 10 வருஷம் உழைக்கும்னு எழுதினா தேய்மானம் வருஷத்துக்கு 12 கோடி. 15 வருஷம்னு எழுதினா 8 கோடி. பேனாவை நகர்த்தின ஒரே நிமிஷத்துல வருஷ ப்ராஃபிட் 4 கோடி கூடிருச்சு. மெஷின் அதே மெஷின்தான். இதே மாதிரி, வராத பாக்கிக்கு எவ்வளவு ஒதுக்கணும், சாஃப்ட்வேர் டெவலப்மென்ட் செலவை இந்த வருஷமே கழிக்கணுமா இல்லை சொத்தா காட்டி அஞ்சு வருஷத்துக்குப் பிரிக்கணுமா, நிலுவையில் இருக்கிற கேஸ் தோத்துப்போகுமா ஜெயிக்குமா, எல்லாமே யாரோ ஒருத்தர் எடுக்கிற முடிவு. அந்த ஒருத்தர் சிஎஃப்ஓ. அவருடைய போனஸும் ஈசாப்பும் அந்த வருஷ ப்ராஃபிட்டையோ ஷேர் விலையையோ பொறுத்தது. எந்தப் பக்கம் சாய்வார்னு உங்களுக்கே தெரியும். அப்ரைசல் ஃபார்ம்ல செல்ஃப் ரேட்டிங் போடும்போது நாம எந்தப் பக்கம் சாய்றோமோ அதே பக்கம்தான்.

இதைத் தட்டிக் கேட்க வேண்டியவர் ஆடிட்டர். அவருக்கு ஃபீஸ் யார் கொடுக்கிறாங்க? அவர் யாரைக் கேள்வி கேட்கணுமோ அந்தக் கம்பெனிதான். 'ஷேர்ஹோல்டர்கள் நியமிக்கிறாங்க'ன்னு சட்டம் சொல்லுது. நடைமுறையில் போர்டு சிபாரிசு பண்ணும், பாதிக்கு மேல் ஓட்டு ப்ரொமோட்டர் கையில் இருந்தா அது அப்பவே முடிவான மாதிரிதான்.

ஃபீஸ் மட்டும் இல்லை, நேரமும் ஒரு பிரச்சினை. என்னோட பழைய ரூம்மேட் ஒருத்தன் சிஏ ஆர்ட்டிகிள்ஷிப்ல இருந்தான். மார்ச் 31 அன்னைக்கு ஒரு குடோன்ல ஸ்டாக் எண்ண அனுப்பிட்டாங்க. இவனுக்கு 22 வயசு, கூட இன்னொருத்தன். ஆயிரக்கணக்கான அட்டைப்பெட்டி, மேல்வரிசைக்கு ஏணி கிடையாது. குடோன் மேனேஜர் ரொம்ப நல்ல மனுஷன், டீ, சமோசா, மதியம் பிரியாணி. கூடவே நின்னு "மேல 40 வரிசை இருக்கு தம்பி, எழுதிக்கோங்க"ன்னு சொல்லியிருக்கார். எழுதிக்கிட்டான். பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு கேட்டேன். "பிரிச்சுப் பார்த்தா அடுத்த க்ளையன்ட்டுக்கு லேட் ஆயிடும்டா"ன்னான். அந்த ஸ்டாக் சரியாவும் இருந்திருக்கலாம். இவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆனா தெரியும்னு ஒரு ஷீட்ல இவன் கையெழுத்து இருக்கு.

ஆடிட்டர்களை மொத்தமா திருடர்னு சொல்றது எனக்குப் பிடிக்காது. பெரும்பாலானவங்க நேர்மையா வேலை பார்க்கிறாங்க. ஆனா குறைஞ்ச ஃபீஸ், குறைஞ்ச நாள், அடுத்த வருஷமும் இதே க்ளையன்ட் வேணும்ங்கிற பயம், இது மூணும் சேர்ந்தா நேர்மையான ஆளும் பெட்டியைப் பிரிக்க மாட்டார்.

சட்டம் மாறினதே, போதாதா?

மாறியிருக்கு, நல்லாவே மாறியிருக்கு. 2013 கம்பெனிச் சட்டத்துக்குப் பிறகு பட்டியலிட்ட கம்பெனியில் ஒரே ஆடிட் நிறுவனம் தொடர்ந்து 10 வருஷத்துக்கு மேல் இருக்க முடியாது, அஞ்சு வருஷம் விலகி இருக்கணும். ஆடிட் பண்ற இடத்துலயே கணக்கு எழுதித் தர்றது மாதிரியான வேலைகளை எடுக்கக் கூடாது. மோசடி தெரிஞ்சா அரசுக்குச் சொல்லணும். ஆடிட்டர்களைக் கண்காணிக்க என்எஃப்ஆர்ஏ 2018 அக்டோபர் 1 அன்று அமைக்கப்பட்டது.

ஆனா பாருங்க, அதே 2018 அக்டோபர் 1 அன்னைக்குத்தான் ஐஎல்எஃப்எஸ் கம்பெனியின் போர்டை மத்திய அரசு கலைச்சுட்டு புது ஆட்களைப் போட்டது. 90,000 கோடிக்கு மேல் கடன், சில வாரம் முன்னாடி வரை உச்ச ரேட்டிங், ஆடிட்டர்கள் ஓகே சொன்ன கணக்கு.

என் கருத்து இதுதான். சுழற்சி முறை ஆடிட்டரின் பேரை மாத்துது, பணம் கொடுக்கிற ஆளை மாத்தலை. அந்த ஃபீஸை நிர்ணயிக்கிறதும் நியமிக்கிறதும் ப்ரொமோட்டர் ஓட்டு இல்லாம, மத்த சிறு ஷேர்ஹோல்டர்கள் ஓட்டில் மட்டும் நடந்தாத்தான் ஆடிட்டருக்கு யார் முதலாளின்னு குழப்பம் தீரும். தண்டனையும் சீக்கிரம் வரணும். சத்யம் ஆடிட்டருக்கு செபி ரெண்டு வருஷத் தடை போட்டது 2018-ல், அதாவது கடிதம் வெளியான ஒன்பது வருஷம் கழிச்சு. 2019-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தடையை ரத்து பண்ணிடுச்சு, சுமார் 13 கோடி ஃபீஸை வட்டியோட திருப்பிக் கட்டணும்ங்கிறது மட்டும் நின்னது.

"நான் ஷேரே வாங்கறதில்லை, பிஎஃப் மட்டும்தான்"னு நீங்க நிம்மதியா இருந்தா, ஒரு விஷயம். உங்க ஈபிஎஃப் பணத்தில் ஒரு பகுதி 2015-லிருந்து நிஃப்டி, சென்செக்ஸ் ஈடிஎஃப்-களுக்குப் போகுது. சத்யம் விழுந்த அன்னைக்கு அது நிஃப்டியிலும் இருந்தது, சென்செக்ஸிலும் இருந்தது. இன்டெக்ஸ் ஃபண்ட்ல எஸ்ஐபி போடுறவங்களுக்கும் இதே கதைதான். ஐஎல்எஃப்எஸ் குழும பாண்டுகளில் பல கம்பெனிகளின் பிஎஃப் ட்ரஸ்ட்கள் பணம் போட்டிருந்தன. ட்ரஸ்ட் நஷ்டத்தை கம்பெனி ஈடுகட்டணும்னு விதி இருக்கு. ஆனா கம்பெனியே தள்ளாடினா?

ஒரு கம்பெனி முழுசா விழுந்தாலும் இன்டெக்ஸ்ல பாதிப்பு சின்னதுதான், பயந்து எஸ்ஐபியை நிறுத்திடாதீங்க. சம்பளத்தில் பெரிய பங்கை ஒரே ஷேரில் போட்டிருக்கிறவங்களும், சிடிசியில் பாதியை ஈசாப்பா வாங்கிட்டு அதை வெச்சு வீட்டுக் கனவு காண்றவங்களும்தான் கவலைப்படணும். 2023 ஜூனில் பைஜூஸ் ஆடிட்டர் டெலாய்ட் விலகினப்ப, 2021-22 கணக்கே ரொம்பத் தாமதம்னு காரணம் சொன்னாங்க. அந்தக் கம்பெனி ஈசாப்பைக் கையில வெச்சிருந்த ஊழியர்களை நினைச்சுப் பாருங்க.

எண்ணை விடுங்க, ஆளைப் பாருங்க

"கேஷ் ஃப்ளோ பாருங்க, வட்டி வருமானம் கேஷுக்குப் பொருந்துதான்னு பாருங்க"ன்னு எல்லா சேனல்லயும் சொல்றாங்க, நானும் சொல்லியிருக்கேன். அது தேவைதான். ஆனா நேர்மையா ஒண்ணு ஒப்புக்கணும். கேஷே பொய்யா இருந்தா கேஷ் ஃப்ளோ டெஸ்ட்ல அந்தக் கம்பெனி ஜம்முனு பாஸ் ஆயிடும். சத்யத்தில் வட்டியைக் கூட எழுதி வெச்சிருந்தாங்களே.

எண்ணை நம்மால சோதிக்க முடியாது. எழுதுறவருக்கு என்ன நெருக்கடின்னு பார்க்க முடியும். சத்யத்தில் 2001 வாக்கில் சுமார் 25 சதவீதம் இருந்த ப்ரொமோட்டர் பங்கு, 2008-ல் 10 சதவீதத்துக்கும் கீழே வந்திருந்தது. இருந்த ஷேரையும் அடகு வெச்சு கடன் வாங்கியிருந்தார். விலை இறங்கினா அடகு வாங்கினவன் வித்துடுவான், அதனால விலை இறங்கவே கூடாது. இதைவிடப் பெரிய நெருக்கடி ஒரு நிர்வாகிக்கு வேணுமா? அப்ப அடகு விவரம் வெளியே தெரியாது. 2009 ஜனவரியில், இந்த விவகாரத்துக்குப் பிறகுதான் செபி அதைக் கட்டாயமாக்கியது. இப்ப எக்ஸ்சேஞ்ச் வெப்சைட்ல காலாண்டு ஷேர்ஹோல்டிங் பக்கத்தில் உங்களுக்கு இலவசமா கிடைக்குது. பார்க்கிறதுக்கு ரெண்டு நிமிஷம்.

ரெண்டாவது, சொந்தக்காரங்க கம்பெனியோட வியாபாரம். 2008 டிசம்பர் 16 அன்று சத்யம் போர்டு, ராஜு குடும்பத்தின் மேடாஸ் கம்பெனிகள் ரெண்டை சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க ஒப்புதல் கொடுத்துச்சு. மென்பொருள் கம்பெனி எதுக்கு நிலமும் கட்டுமானமும் வாங்கணும்? முதலீட்டாளர்கள் கொதிச்சதுல சில மணி நேரத்துலயே திரும்ப வாங்கிக்கிட்டாங்க. இல்லாத கேஷுக்குப் பதிலா இருக்கிற சொத்தை உள்ளே வைக்கிற கடைசி முயற்சி அதுன்னு மூணு வாரத்துல தெரிஞ்சது. ஆண்டறிக்கையில் 'ரிலேட்டட் பார்ட்டி' குறிப்பு பின்பக்கத்தில் பொடி எழுத்துல இருக்கும். சேர்மன் சிரிக்கிற ஃபோட்டோவுக்கு முன்னாடி அதைப் படிங்க.

மூணாவது, ஆடிட்டர் பாதியில் ஓடுறாரா? 2018 மே மாசம் மன்பசந்த் பெவரேஜஸ் ரிசல்ட் வெளியிட சில நாள் இருக்கும்போது டெலாய்ட் விலகினாங்க. கேட்ட முக்கியமான தகவல்களைக் கம்பெனி தரலைன்னு காரணம். ஷேர் தொடர்ந்து லோயர் சர்க்யூட். விற்க நினைச்சவங்களால விற்கவே முடியலை. ஆடிட்டர் விலகல் கடிதத்தில் 'சொந்தக் காரணம்', 'வேலைப்பளு' மாதிரி மொட்டை வார்த்தை இருந்தா நான் அந்த ஷேரில் இருக்க மாட்டேன். தப்பா வெளியேறி லாபத்தை விட்டாலும் பரவாயில்லை.

ஆடிட்டர் அறிக்கையில் 'கீ ஆடிட் மேட்டர்ஸ்' என்ற பகுதியும் இருக்கு, 2018-19 கணக்கு வருஷத்திலிருந்து வருது. தனக்குத் தலைவலி கொடுத்த இடம் எதுன்னு ஆடிட்டரே எழுதறார். வேற எங்கேயும் இவ்வளவு வெளிப்படையா சொல்ல மாட்டாங்க.

இன்னும் ஒரு விஷயம். இதைப் படிக்கிறவங்கள்ல கொஞ்சம் பேர் அக்கவுன்ட்ஸ்ல, ஃபைனான்ஸ்ல, பில்லிங்ல வேலை பார்க்கிறீங்க. சத்யம் வழக்கில் 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் பத்து பேருக்கு 7 வருஷம் தண்டனை கொடுத்தது. சேர்மன், அவர் தம்பிகள், சிஎஃப்ஓ, ஆடிட் பார்ட்னர்கள் ரெண்டு பேர், அதோட உள் தணிக்கைத் தலைவரும் நிதித்துறையில் வேலை பார்த்த ஊழியர்கள் மூணு பேரும். மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது வேற விஷயம், ஆனா ஆறு வருஷம் கோர்ட், ஜெயில், ஜாமீன்னு அலைஞ்சது போனது போனதுதான். "பாஸ் சொன்னாரு, செஞ்சேன்" என்பது அந்த ஊழியர்களைக் காப்பாத்தலை.

மார்ச் கடைசி வாரத்தில் மேனேஜர் உங்க சீட்டுக்கு வந்து "ஏப்ரல் இன்வாய்ஸை மார்ச் தேதியில் போட்டுடு, அடுத்த மாசம் ரிவர்ஸ் பண்ணிக்கலாம்"னு சொன்னா, சண்டை போட வேணாம். "சரி சார், ஒரு மெயில் மட்டும் போட்டுடுங்க, அதை வெச்சு பண்ணிடறேன்"னு சொல்லுங்க. பத்துல எட்டு தடவை அந்த மெயில் வராது, வேலையும் வராது. வந்துட்டா அதை ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டு, செய்யாதீங்க. வேற வேலை தேட ஆரம்பிங்க. ஈஎம்ஐ இருக்கேன்னு தோணும், தெரியும். அதுக்குத்தான் ஆறு மாச எமர்ஜென்சி ஃபண்ட்னு ஒவ்வொரு வீடியோவிலும் கத்திக்கிட்டு இருக்கேன்.

உங்க டீமேட்ல ஒரே ஒரு ஷேர் இருந்தாலும் ஆடிட்டர் நியமனத்துக்கு ஓட்டுப் போடுற உரிமை இருக்கு. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்ல இ-வோட்டிங்னு மெயில் வருமே, ப்ரொமோஷன் மெயில்னு டெலீட் பண்ணிட்டு இருப்போமே, அதுதான். இந்த வருஷம் ஒரு கம்பெனியோடதையாவது திறந்து பாருங்க. ஆடிட்டர் நியமனம் ஓட்டுக்கு வர்ற வருஷம்னா ஆடிட்டர் பேர், ஃபீஸ், எத்தனை வருஷம், எல்லாம் அந்த நோட்டீஸ்ல இருக்கும். ஒரு நிஜ ஆண்டறிக்கையைத் திறந்து வெச்சுக்கிட்டு, எந்தப் பக்கத்துல எதைத் தேடணும்னு அடுத்த வீடியோவில் ஸ்க்ரீன்லயே காட்டறேன்.